அழிஞ்சில் பூக்கும் அரை கிரவுண்டு

(அம்பத்தூரில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என் மகள் அமெரிக்காவில், வர்ஜீனியாவில் இருக்கிறாள். சில வருடங்களுக்கு முன் ஒரு ஏப்ரல் மாதம், வீட்டு வாசலில் நின்ற மரத்தைப் படமெடுத்து அனுப்பினாள். இலை இன்னும் சரியாக விடவில்லை. கிளை கிளையாக வெள்ளை. "அப்பா, இதுக்குப் பேர் டாக்வுட். பூத்து முடிஞ்சா சிவப்பா பழம் வருது. ஊர்ல இருக்குற குருவியெல்லாம் இங்கதான் இருக்கு. நம்ம வீட்ல வெக்க முடியுமாப்பா?" என்று கேட்டிருந்தாள். நான் முப்பது வருடம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன். அவளுக்குப் பதில் எழுத எனக்கு ஐந்து நிமிடம் போதும் என்று நினைத்தேன். அந்தப் பதில்தான் வளர்ந்து வளர்ந்து இன்றைக்கு உங்கள் முன்னால் சொற்பொழிவாக நிற்கிறது.

முதலில் டாக்வுட் மரத்தைப் பற்றிக் கொஞ்சம். அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் பெரிய மரங்களின் நிழலில் வளர்கிற சிறிய மரம் அது. வர்ஜீனியா மாநிலத்துக்கு அதுவே மாநில மலர், அதுவே மாநில மரம். படத்தில் நாம் பார்க்கிற நான்கு வெள்ளை 'இதழ்கள்' உண்மையில் இதழ்கள் இல்லை. நம் வீட்டுக் காகிதப்பூவில் சிவப்பாகத் தெரிவது எப்படிப் பூவடிச் செதிலோ, அப்படித்தான் இதுவும். நிஜமான பூக்கள் நடுவில் கொத்தாக, பச்சை கலந்த மஞ்சளில், கடுகைப் போல இருக்கும். பழம் இலையுதிர் காலத்தில் சிவக்கும். குளிருக்குப் பயந்து தெற்கே கிளம்பும் பறவைகளுக்கு அந்த நேரத்தில் கொழுப்புச் சத்துள்ள பழம் வேண்டும். மரமும் அப்போதுதான் பழுக்கிறது. பறவைக்காகத் தோட்டம் வைப்பவர்கள் அங்கே முதலில் இதை நடுவதற்குக் காரணம் இதுதான்.

தோக்கியோ நகரம் 1912-இல் வாஷிங்டனுக்கு 3,020 செர்ரி மரங்களை அனுப்பியதும், அதற்குக் கைம்மாறாக 1915-இல் அமெரிக்கா டாக்வுட் கன்றுகளை ஜப்பானுக்கு அனுப்பியதும் பலருக்குத் தெரிந்திருக்கும். அங்கே போன டாக்வுட் பிழைத்தது. தோக்கியோவில் குளிர்காலம் உண்டு. டாக்வுட் மொட்டு கண்விழிக்க வேண்டுமென்றால் அதற்கு முன்னால் பல வாரங்கள் கடுங்குளிரில் உறங்கியிருக்க வேண்டும். நம் மார்கழிக் குளிர் எதற்குப் போதும்? கோலம் போடுகிறவர்கள் காதில் மஃப்ளர் கட்டிக்கொள்ளப் போதும். டாக்வுட்டுக்குப் போதாது. இமயமலைச் சரிவுகளில் இதே பேரினத்தைச் சேர்ந்த ஒரு மரம் உண்டு. உத்தராகண்ட் மக்கள் அதன் பழத்தைப் பமோரா என்று சொல்லிச் சாப்பிடுவார்கள். அதுவும் மலைக் குளிரில் வாழ்வது. ஆகவே மகளுக்கு, "முடியாதும்மா" என்று எழுதினேன்.

எழுதி அனுப்பிவிட்டு, டாக்வுட்டின் குடும்பத்தைப் புத்தகத்தில் புரட்டிப் பார்த்தேன். அங்கே ஒரு பெயர் என்னை நிறுத்திவிட்டது. அலாஞ்சியம். நான் படித்த காலத்தில் இதற்குத் தனிக் குடும்பம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். நானும் அப்படியேதான் மாணவர்களுக்குச் சொன்னேன். பிறகு மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், இதுவும் டாக்வுட்டும் ஒரே குடும்பத்து உறவு என்று கண்டு, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். அலாஞ்சியம் என்ற பெயரை 1783-இல் வைத்தவர் லமார்க் என்ற தாவரவியலாளர். அவர் அதைக் கிரேக்கத்திலோ லத்தீனிலோ தேடி எடுக்கவில்லை. மலையாளக் கரையில் மக்கள் சொன்ன அலங்கி என்ற பெயரைத்தான் லத்தீன் வடிவத்துக்கு மாற்றிக்கொண்டார். தமிழில் அதன் பெயர் அழிஞ்சில்.

சபையில் சில தலைகள் அசைகின்றன. பட்டாபிராம், திருநின்றவூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரியும். ஆவடிக்கு மேற்கே ஏரிக்கரையை ஒட்டிய முட்காட்டில், கோடை விடுமுறையில் நாங்கள் பறித்துத் தின்ற கறுத்த பழம் அது. சூரைப்பழம் ஒரு கை, களாக்காய் ஒரு கை, அழிஞ்சில் பழம் ஒரு கை. நாக்கில் இனிப்பு வந்ததும் லேசாகத் துவர்க்கும். வர்ஜீனியாவில் என் மகள் வாசலில் நிற்கிற மரத்தின் பங்காளி, நான் சட்டைப்பையில் பழம் ரொப்பிக்கொண்டு வந்த மரம் என்று அறுபது வயதுக்கு மேல் தெரிந்துகொண்டேன்.

அந்த முட்காட்டின் தடம் தெரிய, நம் ஊர்களின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். திருவேற்காடு, வெள்வேல மரங்கள் நிறைந்த காடு. திருமுல்லைவாயிலில் தொண்டைமான் மன்னனின் யானைக் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது என்பது தலபுராணம். அந்த ஊர்க் கோயிலில் இன்றும் இரண்டு எருக்கந்தூண்களைக் காட்டுவார்கள். அத்திப்பட்டு, பருத்திப்பட்டு, ஆலப்பாக்கம். பூந்தமல்லியின் பழைய பெயர் பூவிருந்தவல்லி. திருக்கச்சி நம்பிகள் அங்கே நந்தவனம் வைத்துப் பூப்பறித்து, மாலை கட்டிக் காஞ்சிக்கு வரதருக்கு நடந்தே கொண்டுபோனார் என்று வைணவர்கள் சொல்வார்கள். முள்ளும் கொடியும் பூவுமாக இருந்த நிலம் இது. மழை மூன்று மாதம், வெயில் மீதி மாதம் என்ற கணக்குக்குப் பழகிய குட்டை மரங்களும் புதர்களும் கிழக்குக் கரை நெடுக இருந்தன. அந்தக் காட்டுக்கு உலர் பசுமைமாறாக் காடு என்று பெயர். 1960-களில் இங்கே தொழிற்பேட்டையும் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் வந்தன. வேலை வந்தது, வீடு வந்தது. நானும் அந்த வேலையால் வந்த குடும்பத்தின் பிள்ளைதான். குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் காட்டை 'வெறும் முள்ளு' என்று நினைத்து வெட்டினோம். மிச்சம் கொஞ்சம் கிண்டி தேசியப் பூங்காவிலும், தாம்பரம் கிறித்துவக் கல்லூரி வளாகத்திலும், சில கோயில் காடுகளிலும் நிற்கிறது. அங்கே அழிஞ்சிலும் நிற்கிறது.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்தது. மறுநாள் காலை என் தெருவில் நடக்க வழியில்லை. குல்மோகர், தூங்குமூஞ்சி, பெருங்கொன்றை என்று நிழலுக்காக எங்கிருந்தோ கொண்டுவந்து நட்ட மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. என் வாசல் பெருங்கொன்றையும் போயிற்று. அந்த இடத்தில் என்ன வைப்பது என்று யோசித்தபோது மகளின் புகைப்படம் நினைவுக்கு வந்தது. அடுத்த வருடம் இரண்டு அழிஞ்சில் கன்றுகளை வைத்தேன். ஒன்று காம்பவுண்டுக்கு உள்ளே, ஒன்று வெளியே கேட்டுக்குப் பக்கத்தில். என் இடம் அரை கிரவுண்டு. வீடு போக மண்ணாக மிஞ்சியது நான்கு கட்டில் போடுகிற அளவு. இதைக் குறிப்பாகச் சொல்கிறேன், ஏனென்றால் 'பறவைக்கு மரம் வைக்க எங்களிடம் தோப்பா இருக்கிறது?' என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அழிஞ்சில் பெரிதாகப் போனாலும் முப்பது அடி. வெட்டிவிட்டால் புதராகவே வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் வருடம், நான் ஊரில் இல்லாத இரண்டு நாளில் தெருவில் பள்ளம் தோண்ட வந்தவர்கள், மண் கொட்ட இடம் வேண்டுமென்று கேட்டுக்குப் பக்கத்துக் கன்றை அடியோடு வெட்டிவிட்டார்கள். இடுப்பு உயரம் வந்திருந்தது. திரும்பி வந்து பார்த்தபோது கட்டைவிரல் தடிமனில் ஒரு கட்டைதான் மண்ணுக்கு வெளியே. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் ஐப்பசி மழை இறங்கியதும் அந்தக் கட்டையைச் சுற்றி ஐந்து துளிர். வெட்ட வெட்டத் தழைக்கிற குணம் இந்த மரத்துக்கு உண்டு. வேரிலிருந்தும் கன்று விடும். ஆடும் மாடும் கடித்து, விறகுக்கு ஒடித்து, அதற்குப் பிறகும் முட்காட்டில் நின்ற மரமல்லவா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் வடிய நாளாயிற்று. பப்பாளி அழுகியது, முருங்கை சாய்ந்தது. அழிஞ்சில் இரண்டும் அசையவில்லை. ஓடைக்கரையிலும் வளர்கிற மரம் என்பதை அப்போதுதான் நேரில் உணர்ந்தேன்.

உள்ளே இருக்கிற மரம் ஆறாம் வருடம் பூத்தது. தை கடைசியில் இலை முழுவதும் கொட்டிவிட்டது. எதிர்வீட்டுப் பெண் வாசல் தெளிக்க வந்தவர், "என்ன மாமா, மரம் பட்டுப்போச்சே, ஆள் வெச்சு வெட்டிடலாமா?" என்று அக்கறையோடு கேட்டார். "பத்து நாள் பொறும்மா" என்றேன். பார்க்க அப்படித்தான் இருந்தது. சாம்பல் நிறக் கிளை, நுனியெல்லாம் முள். மாசி பிறந்ததும் கிளையின் கணுக்களில் மொட்டு வந்தது. தீக்குச்சி மாதிரி நீளமாக, மேலே மெல்லிய ரோமம். ஒரு விடியற்காலை நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரே ஒரு மொட்டைப் பார்த்தேன். முதலில் நுனியில் ஒரு கீறல் தெரிந்தது. பிறகு வாழைப்பழத் தோல் உரிவதுபோல இதழ் ஒவ்வொன்றாகப் பிரிந்து, பின்பக்கம் சுருண்டு போயிற்று. எட்டு இதழ். நடுவில் வெள்ளை மகரந்தத் தாள்கள் ஒரு கொத்து, எல்லாவற்றுக்கும் மேலே நீட்டிக்கொண்டு ஒரு சூல்தண்டு. வாசனை மல்லிகையும் இல்லை, மகிழமும் இல்லை. தேனும் லேசான எலுமிச்சையும் கலந்தாற்போல. வெயில் ஏறுவதற்குள் தேனீக்கள் வந்துவிட்டன. ஊதாத் தேன்சிட்டு ஜோடியாக வந்து, ஆண் குருவி கிளைக்குக் கிளை மாறி மாறிக் கத்திக்கொண்டே குடித்தது. இலையில்லாத கிளையில் பூ மட்டும். வர்ஜீனியாப் படத்தில் பார்த்த அதே தோற்றம்தான். டாக்வுட் வெள்ளையைச் செதிலில் காட்டுகிறது, அழிஞ்சில் சொந்த இதழிலேயே காட்டுகிறது. எதிர்வீட்டுப் பெண் அன்றைக்குத் தன் மாமியாரைக் கைபிடித்துக் கூட்டிவந்து காட்டினார்.

பூ போனதும் துளிர், அதற்குப் பின்னால் காய். பழுப்பது சித்திரை, வைகாசியில். கத்திரி வெயில் கொளுத்துகிற நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஏரிகள் வற்றி, புல் காய்ந்து, பறவைக்குத் தண்ணீரும் இல்லை இரையும் இல்லை என்கிற நேரம். அப்போது இந்த மரம் பழம் கொடுக்கிறது. சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிது. பச்சை, சிவப்பு, பிறகு கறுப்பு. நுனியில் சின்னக் கிரீடம். தோலைக் கிள்ளினால் உள்ளே நுங்கு மாதிரி வெள்ளைச் சதை, அதற்குள் ஒரே ஒரு கெட்டி விதை. கொண்டைக்குருவி முழுதாக விழுங்கும். குயில் இலைக்குள் மறைந்திருந்து தின்னும். பெண் குயிலை, அந்தப் புள்ளி போட்ட உடம்பை, நான் நன்றாகப் பார்த்தது இந்த மரத்தில்தான். மைனா சண்டை போட்டுத் தின்னும், அணில் பாதி கடித்துப் போடும். இரவில் வௌவால். இந்தக் கணக்கில் எனக்கும் பேரனுக்கும் ஆளுக்குப் பத்துப் பழம் கிடைத்தால் அதிகம். அதுவே போதும்.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையைப் பேசாமல் போக முடியாது. அழிஞ்சில் விதை கீழே விழுந்தால், நகர்ந்து போய்த் தாய்மரத்திலேயே மறுபடி ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். அப்படிப்பட்டதற்கு ஏறழிஞ்சில் என்று தனிப்பெயரே உண்டு. ஆதிசங்கரர் பெயரால் வழங்கும் சிவானந்தலகரியில் பக்திக்குச் சொல்லும் உவமைகளில் முதலாவது இதுதான், அங்கோலத்தின், அதாவது அழிஞ்சிலின், விதை மரத்தைச் சேர்வதுபோல மனம் இறைவனைச் சேர்வது. உவமை அழகு. நான் ஒரு ஆனி மாத இரவு பத்து விதையை மரத்தடியில் வட்டமாக வைத்துவிட்டு, டார்ச் வைத்துக்கொண்டு மணிக்கொரு தரம் பார்த்தேன். எதுவும் நகரவில்லை. காலையில் இரண்டைக் காணோம், எலி எடுத்திருக்கும். ஆனால் இன்னொன்றைப் பார்த்தேன். அந்தச் சதை வழுவழுப்போடு பிசினும் உள்ளது. கொண்டைக்குருவி தின்றுவிட்டு அலகைக் கிளையில் துடைக்கும்போது சில விதைகள் பட்டையில் ஒட்டிக்கொண்டன. காலையில் மரத்தில் ஒட்டியிருக்கிற விதையைப் பார்த்தவர்கள், கீழேயிருந்து ஏறி வந்தது என்று நினைத்திருக்கலாம். இது என் ஊகம்.

மரத்துக்கு வேண்டியதோ விதை விலகிப் போவது. தாயின் நிழலில் பிள்ளைக்கு வெயில் கிடைக்காது. அதற்காகத்தான் இந்தச் சதை, இந்த நிறம், இந்தக் கோடைப் பழுப்பு எல்லாம். குருவி என் வீட்டில் தின்று, மூன்று வீடு தள்ளி மதில் மேல் உட்கார்ந்து எச்சமிடுகிறது. சென்ற மழையில் அந்த மதில் ஓரத்தில் இரண்டு அழிஞ்சில் நாற்று முளைத்திருந்தது. ஐம்பது வருடமாக இந்தத் தெருவில் இல்லாத மரம்.

பழம் மட்டும் போதாது, அதையும் சொல்லவேண்டும். பழம் தின்கிற குருவியும் குஞ்சுக்குப் புழுவைத்தான் ஊட்டும். அமெரிக்காவில் டக் டாலமி என்கிற பூச்சியியல் பேராசிரியர் இதை விடாமல் சொல்லிவருகிறார். அங்கே சிக்கடி என்கிற சின்னஞ்சிறு குருவி ஒரு ஈட்டுக் குஞ்சுகளை வளர்த்துப் பறக்கவிட 6,000 முதல் 9,000 புழுக்கள் வேண்டும் என்கிறார். நம் தவிட்டுக்குருவிக்கும் தேன்சிட்டுக்கும் அவரவர் கணக்கு இருக்கும். கறிவேப்பிலையில் பச்சைப் புழுவைக் கண்டதும் மருந்து அடிக்கிறோமே, அது வண்ணத்துப்பூச்சி ஆகப்போகிற புழு. ஆகாமல் போனால் ஒரு குஞ்சின் வயிற்றுக்குள் போகும். இரண்டுமே நல்லதுதான். எனவே அழிஞ்சிலுக்குக் கீழே நான் எருக்கு ஒன்று, நொச்சி ஒன்று, மதிலில் ஏற ஆதண்டை ஒன்று வைத்திருக்கிறேன். எருக்கில் வரிகளோடு தெரிகிற புழு, ஆரஞ்சு நிற வெந்தய வரியன் என்கிற வண்ணத்துப்பூச்சியுடையது. வேலி வேண்டுமென்றால் கிளுவைப் போத்து ஊன்றுங்கள். சருகைக் கொளுத்தாதீர்கள், மரத்தடியிலேயே கிடக்கட்டும். தவிட்டுக்குருவிக் கூட்டம் அதைப் புரட்டுகிற சத்தம் சாயங்காலம் கேட்கக் கிடைக்கும். தண்ணீர்த் தட்டை மட்டும் தினமும் கவிழ்த்துக் கழுவி ஊற்றுங்கள், கொசு விஷயம் நம் பகுதியில் விளையாட்டில்லை. பேவர் கல் போட்டு முற்றத்தை மூடியவர்கள், ஒரு மூலையில் நாலு கல்லைப் பெயர்த்தால் போதும், ஒரு மரத்துக்கு இடம் கிடைத்துவிடும்.

எச்சரிக்கை ஒன்று. அழிஞ்சில் வேர்ப்பட்டை சித்த மருந்துகளில் சேர்வது. அதில் வாந்தியைக் கொண்டுவருகிற வீரியமான பொருள்கள் உண்டு. வைத்தியர் கையில் இருக்கவேண்டியதை வீட்டில் அரைத்துக் குடிக்காதீர்கள். வசியம், மை என்று சொல்லிக்கொண்டு வேரைத் தோண்ட ஆள் வந்தால் உள்ளே விடாதீர்கள்.

கன்று எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். சாலையோர நர்சரிகளில் நான் தேடியவரை கிடைக்கவில்லை. விதைதான் வழி. நன்றாகக் கறுத்த பழத்தை எடுத்துச் சதையை மணலோடு சேர்த்துத் தேய்த்துக் கழுவி, காயவிடாமல் அதே வாரத்தில் ஊன்றிவிட வேண்டும். எல்லாம் முளைக்காது. முளைப்பதும் நிதானமாகத்தான் முளைக்கும். முதல் முறை நாற்பது போட்டு ஒன்பதுதான் எனக்கு வந்தது. இரண்டு மாதம் மண்ணில் அசைவே இருக்காது, அதைப் பார்த்துத் தொட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள். முதல் இரண்டு கோடைக்கு வாரம் இருமுறை தண்ணீர் ஊற்றினால், பிறகு அதுவே பார்த்துக்கொள்ளும்.

வாசலில் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சாக்கு விரித்து முப்பத்தொரு கன்று வைத்திருக்கிறேன், எல்லாம் உள்ளே இருக்கிற மரத்தின் விதை. திருவேற்காடு, பூந்தமல்லியில் இருந்து பஸ் மாறி வந்தவர்கள் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பையைக் கையால் பிய்க்காமல் பிளேடால் ஓரத்தில் கீறி, மண்கட்டி உடையாமல் குழியில் இறக்குங்கள். மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, வேர் பிடிக்க அது சரியாக இருக்கும். ஒரு கன்றில் இலையை ஏதோ புழு தின்றிருக்கிறது, அதை யாரும் ஒதுக்கிவிடாதீர்கள். வேண்டாமென்றால் என்னிடமே திருப்பிக் கொடுங்கள், நானே வைத்துக்கொள்கிறேன்.